தோலும் சந்தமும்: நாட்டுப்பாட்டு கேள்வி–பதில்

தைப்பூசம் முடிந்த கையோடு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாட்டைப் பற்றியவை. மொரிஷியஸின் செகா, பக்கத்துத் தீவு ரெயூனியனின் மலோயா, நம் தெம்மாங்கு, தாலாட்டு என்று எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. கருவி, எழுத்து, பதிவு என்று கைவேலை சார்ந்த கேள்விகளுக்கு முதலிடம் தந்திருக்கிறோம்.

எங்கள் இளைஞர் குழுவுக்கு, செகாவுக்கு அடிக்கும் ஆட்டுத்தோல் மேளமான ரவான் இரண்டு வாங்கினோம். கடற்கரைப் பக்கம் வாங்கும்போது கணீரென்று பேசியது. இங்கே வந்ததும் தொப்பு தொப்பென்று விழுகிறது. தோல் கெட்டுவிட்டதா? செயற்கைத் தோலுக்கு மாறிவிடலாமா? – வாசகர், கியூர்பிப்

தோல் கெடவில்லை, உங்கள் ஊர் மழைதான் காரணம். பதப்படுத்தாத ஆட்டுத்தோல் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி நீளும். நீண்டால் இழுவிசை குறையும், ஒலி கீழே இறங்கும். கடற்கரையில் வெயிலும் காற்றும் தோலை இறுக்கி வைத்திருந்தன. கியூர்பிப்பின் தூறலில் அது தளர்ந்துவிட்டது. பறை காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. ரெயூனியனில் நம்மவர் கோவில்களில் அடிக்கும் மேளத்தையும் இன்றுவரை தீயில் காட்டித்தான் எடுக்கிறார்கள். செகா இரவுகளில் கடற்கரையில் மூட்டும் தீயும் வெறும் வெளிச்சத்துக்காக இல்லை.

காய்ந்த தென்னோலை, வைக்கோல், அட்டைத் துண்டு, இவற்றில் ஒன்றைக் கொளுத்துங்கள். குப்பென்று எரிந்து அடங்கும் தீதான் வேண்டும். பெட்ரோல் ஊற்றிய தீ தோலில் கரியும் எண்ணெயும் படியவைக்கும். ரவானை நிமிர்த்திப் பிடித்து, தோல் பக்கம் தீயைப் பார்க்க, ஒன்றரைச் சாண் தூரத்தில் வைத்துச் சக்கரம் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் சுருங்கி, எதிர்ப்பக்கத்து ஆணியைப் பிடுங்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தீயைவிட்டு எடுத்து, ஓரத்தில் நான்கு திசையிலும் விரலால் தட்டிப் பாருங்கள். நான்கு இடத்திலும் ஒரே ஒலி வந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். உள்ளங்கையைத் தோலில் வைத்து மூன்று எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. மிஞ்சிச் சூடேறிய தோல் கண்ணாடி மாதிரி மினுங்கும், பிறகு முதல் ஓங்கிய அடியில் விளிம்போடு கிழியும்.

மண்டபத்துக்குள் தீ மூட்ட முடியாது. அங்கே தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், தோலின் உட்பக்கமாகக் காட்டலாம். நேரம் அதிகமாகும், ஆனால் வேலை நடக்கும். ஈரக் காற்றில் இறுக்கம் நெடுநேரம் நிற்காது. அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் இரண்டு ரவான் வைத்துக்கொண்டு, ஒன்று பாடும்போது மற்றதைக் காய்ச்சுகின்றன. உங்களிடமும் இரண்டு இருக்கின்றனவே.

தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள், கேட்காதீர்கள். எண்ணெய் குடித்த தோல் கனத்துப்போகும், அதன்பின் எந்தத் தீயும் அதைப் பேசவைக்காது. பூட்டிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள், சட்டமே கோணிப்போகும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையில் போட்டு, வீட்டின் உட்சுவரில் மாட்டுங்கள்.

செயற்கைத் தோல் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். மழையில் ஊர்வலம் போவதற்கும் பள்ளிப் பிள்ளைகள் பழகுவதற்கும் அது நல்லது. ஆனால் நடுவில் அடிக்கும்போது எழுகிற அடித்தொண்டை ஒலி அதில் வராது. அந்த ஒலி இல்லாத செகாவில் பாடுபவருக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. இரவுப் பாட்டுக்கு ஆட்டுத்தோலையே எடுங்கள்.

இன்னொன்று: பறையை அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் கொண்டு அடிப்போம். அதே குச்சிகளை ரவானில் பயன்படுத்த வேண்டாம். அகலமான சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய ஆட்டுத்தோல் அது, வெறுங்கைக்கென்றே ஆனது.

செகா தாளத்தில் தமிழ்ப் பாட்டு எழுத ஆசை. காகிதத்தில் வரி நன்றாக இருக்கிறது, பாடினால் முட்டுகிறது. சிலர் "தமிழ் இதற்குச் சரிவராது" என்கிறார்கள். உண்மையா? – வாசகி, ரோஸ் ஹில்

உண்மை இல்லை அம்மா. செகாவுக்கு இவ்வளவு பொருத்தமான மொழி வேறொன்று கிடைப்பது அரிது. காரணத்தையும் சொல்கிறோம், கையோடு பழகும் முறையையும் சொல்கிறோம்.

செகா ஆறு துடிப்பில் சுழல்வது. தகிட தகிட என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் ஒரு சுற்று. நம் பக்கத்தில் இதைத் திசிர நடை என்போம். தெம்மாங்கில் பெரும்பகுதி இந்த நடைதான். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தும் இந்த நடைக்குப் பேர்போனது. ஆக, மொரிஷியஸில் காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளையின் காதில் இந்த நடை பிறந்தது முதலே விழுந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஏன் முட்டுகிறது? இரண்டு காரணம்.

முதலாவது, அழுத்தம். மொரிஷியஸில் பேசும் கிரியோல் மொழியில் ஒரு தொடரைச் சொல்லும்போது கனம் கடைசி அசையில் விழும். தமிழில் சொல்லின் முதல் அசை தூக்கி நிற்கும். கிரியோல் மெட்டு பெரும்பாலும் தாளம் விழுமுன்பே எடுத்து, கனமான அடியில் வந்து இறங்கும்படி கட்டப்பட்டிருக்கும். அந்த மெட்டில் தமிழ் வரியை அப்படியே திணித்தால், சொல்லின் வால் தாளத்தின் தலையில் போய் உட்காரும். கேட்பவருக்குச் சொல் புரியாது. எனவே உங்கள் வரியை முதல் துடிப்பிலோ நான்காம் துடிப்பிலோ, சொல்லின் முதல் எழுத்தோடு தொடங்குங்கள்.

இரண்டாவது, மாத்திரை. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று எண்ணுங்கள். மெய்யில் முடியும் குறிலை இழுத்தால் இரண்டு, விட்டால் ஒன்று, அது உங்கள் வசதி. மூன்று மாத்திரைச் சொற்களாகப் பொறுக்கினால் வரி தானாக ஓடும். ஓர் எடுத்துக்காட்டு கட்டித் தருகிறோம்:

கரும்பு பூத்த காடு தாண்டிக்
காத்து வருது பாட்டி
கடலு தாண்டி வந்த பாட்டைக்
காது குளிரப் பாடு

"கரும்பு" மூன்று குறில்போல ஓடுகிறது. "பூத்த" என்பது நெடில் ஒன்றும் குறில் ஒன்றும். காடு, தாண்டி, காத்து, வருது, பாட்டி, எல்லாமே மூன்று. ஏழு சொல் முடிந்ததும் ஒரு "தகிட" அளவுக்கு வாயை மூடுங்கள், எட்டாகும். அதாவது நான்கு சுற்று. அந்த இடைவெளியில்தான், உள்ளே விதை ஓட ஆட்டும் மரவானின் ஒலி மேலே வரும், கூட்டம் கைதட்டும். புதிதாக எழுதுபவர்கள் அந்த இடத்தையும் சொல்லால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் பாடுபவருக்கு மூச்சு எடுக்க இடமிருக்காது, ஆடுபவருக்கும் திரும்ப இடமிருக்காது.

செகாவின் ருசி இதோடு முடியவில்லை. ஆறு துடிப்பை மூன்றும் மூன்றுமாக எண்ணலாம், இரண்டு இரண்டாக மூன்று முறையும் எண்ணலாம். தாளம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுவதால்தான் இடுப்பு தானாக அசைகிறது. பழகுவதற்கு: காலால் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு, கையால் அதே சுற்றுக்கு மூன்று தட்டு. பத்து நிமிடம் விடாமல் செய்யுங்கள். அது கைவந்த பிறகு சொல்லை வைத்து விளையாடலாம். "ஆகாயம்", "நீரோட்டம்" மாதிரிச் சொற்கள் இரண்டு இரண்டு இரண்டாக ஆறு மாத்திரை கொண்டவை. ஓடிக்கொண்டிருக்கும் "தகிட" வரிகளுக்கு நடுவே இப்படி ஒரு சொல்லை வைத்தால் பாட்டு சட்டென்று தூக்கிப்போடும். ஒரு சரணத்துக்கு ஒன்று போதும்.

நான்கு மாத்திரைச் சொல்தான் தொல்லை தரும். "கடற்கரை" என்று எழுதினால் கடைசி "ரை" தொங்கும். "கடலு ஓரம்" என்று பிரித்தால் மூன்றும் மூன்றுமாக உட்காரும். பாட்டிமார் "கடலு", "மனசு", "காலு" என்று உகரம் சேர்த்துப் பாடியது இந்த வசதிக்காகவும்தான். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று தள்ளாதீர்கள், சந்தம் அதில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீண்ட ஸ்வரத்தில் குறில் எழுத்தை வைக்கும்போது வேறு சொல் ஆகிவிடாமல் பாருங்கள். மலை நீண்டால் மாலை, கல் நீண்டால் கால், பல் நீண்டால் பால். இது எழுதும்போது கண்ணுக்குத் தெரியாது. அதனால் வரியை எழுதி முடித்ததும் இன்னொருவரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் ஒத்துப்போனால் பாட்டு தயார்.

பல்லவி கிரியோலிலும் சரணம் தமிழிலும் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. வீட்டில் கிரியோல் பேசி, கோவிலில் தமிழ் பாடும் பிள்ளைகள் நாம். இரண்டும் ஒரே பாட்டில் வருவதில் பொய் ஒன்றும் இல்லை. ஒருவர் எடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்லும் முறை செகாவிலும் உண்டு, நம் கும்மியிலும் உண்டு. எல்லோரும் சேர்ந்து திருப்பும் வரி எல்லோருக்கும் தெரிந்த மொழியில் இருக்கட்டும்.

மரவான் கடையில் வாங்கினால் தகரம் மாதிரி ஒலிக்கிறது. கரும்புத் தண்டில் நாமே செய்ய முடியுமா? – வாசகர், மாயேபூர்

முடியும். ரெயூனியனின் கயாம்பும் இதே குடும்பம்தான், முறையும் கிட்டத்தட்ட ஒன்றே.

வேண்டியவை: கரும்பு பூக்கும் பருவத்தில் எடுத்த பூத்தண்டு (இலைத்தண்டோ கரும்போ இல்லை, பூவைத் தாங்கும் மெல்லிய உச்சித் தண்டு), நான்கு மரச்சட்டங்கள், உறுதியான நூல் அல்லது மெல்லிய ஆணி, மரப்பசை, கல்வாழை விதை. தோட்டத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பூக்கிறதே, அந்தக் கல்வாழையேதான். விதை நன்றாகக் கறுத்து, நகத்தால் கீற முடியாதபடி இறுகியிருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் சுருங்கி ஒலி மங்கும்.

தண்டுகளை நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நீளவாக்கில் வெடிக்கும். வளைத்தால் நொறுங்கும் பதம் வந்ததும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம் கொண்ட சட்டம் தொடக்கத்துக்குச் சரியான அளவு. தடிமன் இரண்டு விரல் போதும். தண்டுகளை நெருக்கமாக ஒரு பக்கம் அடுக்கி நூலால் பின்னிப் பசையிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, பிறகு விதையைக் கொட்டி மறுபக்கத்தை மூடுங்கள்.

எவ்வளவு விதை? படுக்கவைத்தால் விதைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடையில் வெற்றிடம் தெரிய, ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். பரப்பில் பாதிக்கும் குறைவாக மூடினால் போதும். அதிகம் போட்டால் விதை ஓட இடமில்லாமல் "ஸ்ஸ்" என்று ஒரே இரைச்சலாகிவிடும், துடிப்பு பிரிந்து கேட்காது. மூடுவதற்கு முன்பே இன்னொரு தட்டை மேலே அழுத்திப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஆட்டும்போது எல்லோருக்கும் நேரும் தவறு தாளத்துக்குப் பின்னால் விழுவது. விதை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடிச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. கை தாளத்தோடு அசைந்தால் ஒலி தாளத்துக்குப் பிந்தித்தான் வரும். எனவே கை முந்திக்கொள்ள வேண்டும். கண்ணால் கையைப் பார்க்காமல் காதால் விதையைக் கேட்டு ஆட்டுங்கள்.

கிட்டார் வைத்து நாட்டுப்பாடல் பாடுகிறேன். எந்தக் கார்டு போட்டாலும் சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. – தம்பி ஒருவர், கிரான் பே

கார்டுதான் காரணம் தம்பி. நம் நாட்டுப்பாட்டு ஒற்றைக் கோடாக நடப்பது. ச, ரி, க வரிசையில் "க" எனும் காந்தாரம் பல மெட்டுகளில் அசைந்து நிற்கும், ஒரே இடத்தில் ஆணியடித்த மாதிரி நிற்காது. மேஜர் கார்டும் மைனர் கார்டும் அந்தக் காந்தாரத்தை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடுகின்றன.

1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் நாட்டுப்பாட்டு மறுமலர்ச்சி சூடாக நடந்த காலத்தில், டேவி கிரஹாம் என்ற கிட்டார் கலைஞர் கம்பிகளை வேறு விதமாகச் சுருதி கூட்டினார். மொராக்கோ இசையோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது கண்டது அது. அந்தச் சுருதி நமக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆறாம் கம்பியை ஈயிலிருந்து (E) டீக்கு (D) இறக்குங்கள். நான்காம் கம்பியோடு சேர்த்து மீட்டினால் ஒரே ஸ்வரம் கீழும் மேலுமாகக் கேட்க வேண்டும். முதல் கம்பியையும் அதேபோல ஈயிலிருந்து டீக்கு. இரண்டாம் கம்பியைப் பீயிலிருந்து (B) ஏவுக்கு (A), ஐந்தாம் கம்பியோடு ஒப்பிட்டு. மற்ற மூன்றைத் தொட வேண்டாம். இப்போது கீழிருந்து மேலே மீட்டுங்கள்: ச, ப, ச, ம, ப, ச. தம்புரா கையில் வந்துவிட்டது. காந்தாரம் எங்கும் இல்லை, அதைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

மத்தியமம் உறுத்துகிறது என்றால் மூன்றாம் கம்பியை இரண்டாம் கட்டத்தில் ஒரு விரலால் அழுத்துங்கள், அதுவும் பஞ்சமமாகிவிடும். கட்டை விரல் ஆறாம் கம்பியையும் நான்காம் கம்பியையும் மாறி மாறித் திசிர நடையின் தலையில் தட்டட்டும். மெட்டை முதலிரண்டு கம்பிகளில் எடுங்கள். பாடும் வரியை அப்படியே நகல் எடுக்காமல், வரிக்கும் வரிக்கும் நடுவில் விடும் இடத்தில் மட்டும் பதில் சொன்னால் போதும்.

டீ என்பது இரண்டு கட்டைச் சுருதி, பெரும்பாலான ஆண் குரலுக்குப் பொருந்தும். பெண் குரலுக்கு ஐந்தாம் கட்டத்தில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் ஐந்து கட்டை. இறக்கிய கம்பி தளர்ந்து கிரீச்சிட்டால் 13 எண் கம்பித் தொகுப்பு போடுங்கள். உங்கள் ஊர் கடல்காற்றில் வெண்கலக் கம்பி விரைவில் மங்கிவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து வையுங்கள்.

கச்சேரியில் போகப் போகக் குரல் சுருதி இறங்கிவிடுகிறது. என்ன செய்வது? – வாசகி, கத்ர் போர்ன்

ரவானைப் பின்தொடர்கிறீர்கள். தோல் ஆற ஆற அதன் ஒலி இறங்கும், காது அதோடு போகும். சுருதிப்பெட்டியையோ கிட்டாரின் ஒரு கம்பியையோ காதருகே வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டின் மூலச் சுருதியில் பாட முயல்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை கட்டையில் தொடங்கிப் பாருங்கள். திறந்தவெளியில் அரைக் கட்டை குறைத்தே எடுங்கள்.

மலோயாவைத் தடைசெய்திருந்தார்களாமே? அதை மீட்டவர்கள் யார்? மொரிஷியஸில் அப்படி யார்? நம் வம்சாவளியினர் அதில் உண்டா? – வாசகர், சென் ஆந்த்ரே, ரெயூனியன்

உங்கள் தீவில் மலோயா நெடுங்காலம் அதிகாரத்தின் வெறுப்புக்கு ஆளாகி, வீட்டு முற்றங்களிலும் முன்னோர் வழிபாட்டிலும் ஒதுங்கி வாழ்ந்தது. அதை மேடைக்குக் கொண்டுவந்ததில் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1976இல் கட்சி மாநாட்டையொட்டி ஃபிர்மேன் விரி பாடிய மலோயா இசைத்தட்டாக வந்தது. கரும்புத் தோட்டத் தொழிலாளர் பாட்டு அரசியல் மேடையில் ஒலித்ததால் அதன் மேலிருந்த கெடுபிடி இன்னும் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1981இல், தீவை ஆளும் பிரான்சின் பாரிசில் ஆட்சி மாறிய பிறகுதான் வானொலியில் தாராளமாக ஒலித்தது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

விரியின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் தனியேல் வாரோ. 1955இல் தாம்போனில் பிறந்தவர், கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்றவர். தன் கருவிகளைத் தானே செய்கிறார், கிரியோலில் தானே எழுதுகிறார். பாட்டெழுதிப் பாடுபவர் எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் அவரைத்தான் முதலில் காட்டுவோம். 1979இல் தொடங்கிய ஜிஸ்காக்கான் குழுவில் ஜில்பெர் பூனியா மலோயாவோடு இந்தியக் கருவிகளைச் சேர்த்தார். இந்திய வம்சாவளியினர் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு அவர் பெயரே பதில்.

மொரிஷியஸில் 1900இல் பிறந்த தி ஃப்ரேர் செகாவின் மூத்த குரல். 1964இல் லெ மோர்னில் நடந்த செகா இரவில் அவருக்குச் செகா மன்னர் பட்டம் கிடைத்தது. 1970களில் வந்த தலைமுறை செகாவின் தாளத்தை எடுத்து வேலை, வறுமை, மொழி உரிமை பற்றிப் பாடியது. 1975 மே மாத மாணவர் போராட்டத்தின் சூட்டில் வளர்ந்த பாட்டு அது. நீத்தீஷ், ராம் ஜோகனா சகோதரர்களின் லத்தானியே குழு, பாம் குத்தாயேன், சிவேன் சின்னியேன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். கடைசி இரண்டு பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எந்த மண்ணின் பெயர் என்று தெரியும். பிறகு காயா செகாவையும் ரெக்கேயையும் இணைத்துச் செக்கே தந்தார். 1999 பிப்ரவரியில் காவல் நிலையத்தில் அவர் இறந்தது தீவையே உலுக்கியது. ரவான் செகா 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பட்டியலில் சேர்ந்தது மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே சொன்னவர்களில் ஒருவரும் பழைய பாட்டை அப்படியே ஒப்பிக்கவில்லை. பழைய தாளத்தில் தங்கள் காலத்தைப் பற்றிப் புதுச் சொல் போட்டார்கள். நம் தமிழ்ப் பாட்டுக் குழுக்களில் பல இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. வேட்டியும் கரகமும் சரியாக இருக்கின்றன, பாட்டில் மட்டும் மொரிஷியஸ் இல்லை.

பழைய நாட்டுப்பாட்டு மெட்டில் என் சொந்த வரிகளைப் போட்டேன். என் பாட்டு என்று பதிவு செய்யலாமா? – வாசகர், போர்ட் லூயிஸ்

வரிகள் உங்களுடையவை, மெட்டு ஊருடையது. "சொல்: இன்னார், மெட்டு: மரபு" என்று போடுங்கள். யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு சேர்த்துப் போடுவது மரியாதை. சினிமாவில் வந்த நாட்டுப்பாட்டு மெட்டு வேறு விவகாரம். அதற்கு இசையமைப்பாளரும் உரிமையாளரும் இருப்பார்கள், முதலில் கேட்டுவிடுங்கள்.

என் பாட்டிக்கு 90 வயதாகப் போகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் பாடுவார். சொற்களுக்குப் பொருள் அவருக்கே முழுதாகத் தெரியவில்லை. எப்படிப் பதிவு செய்வது? – வாசகி, த்ரியோலே

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தோம். தள்ளிப்போடாதீர்கள் அம்மா, இந்த வாரமே தொடங்குங்கள்.

கைபேசி போதும். ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்பில் வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக வரும் சுருக்கிய வடிவம் கடைசி மெய்யெழுத்துகளை மங்கலாக்கிவிடும். விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். மின்விசிறி, குளிர்பெட்டி இரண்டையும் நிறுத்துங்கள். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறைதான் நல்ல இடம், ஓடு பதித்த கூடத்தில் எதிரொலிக்கும். பாட்டியின் வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்று ஒதுக்கி, மடித்த துணிமேல் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் ஒவ்வொரு தட்டும் இடியாகப் பதியும்.

"பாடுங்க பாட்டி" என்று கேட்டால் பாதிப் பாட்டு மறந்துபோகும். கையில் ஒரு துணியைக் கொடுத்துத் தொட்டில் ஆட்டச் சொல்லுங்கள், கை ஆடினால் வரி வரும். ஒப்பாரியை வீட்டில் வைத்துப் பாட மறுப்பார், அபசகுனம் என்பார். வற்புறுத்தாதீர்கள். அவர் விரும்பும் இடத்தில், விரும்பும் நாளில் பாடட்டும். தொடக்கத்தில் தேதி, இடம், பாடுபவர் பெயர், யாரிடம் கேட்டுக் கற்றார், வெளியே பகிரச் சம்மதமா என்ற ஐந்தையும் குரலிலேயே பதிந்துவிடுங்கள். அதே பாட்டை வேறு நாட்களில் மீண்டும் பாடச் சொல்லுங்கள். வரிகள் முன்பின்னாக வரும், புதிய வரி முளைக்கும். எது சரி என்று தேட வேண்டாம், எல்லாமே பாட்டுதான்.

எழுதும்போது இரண்டு பத்தி வையுங்கள். இடப்பக்கம் காதில் விழுந்தது விழுந்தபடி. வலப்பக்கம் அது என்ன சொல்லாக இருக்கலாம் என்று உங்கள் ஊகம். தமிழாசிரியரிடம் காட்டினால் இடப்பக்கத்தைத் திருத்த முற்படுவார், பணிவாகத் தடுத்துவிடுங்கள். புரியாத அந்த ஓசையில்தான் பாட்டியின் பாட்டி எந்த ஊர்க்காரர் என்ற குறிப்பு ஒளிந்திருக்கும். மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பதிவேடுகள் இருக்கின்றன. குடும்பத்தில் முதலில் வந்தவரின் பெயரும் வருகை எண்ணும் கிடைத்தால் அவரது மாவட்டத்தையும் கிராமத்தையும் அங்கே தேடிப் பார்க்கலாம். அந்த வட்டாரத்துத் தாலாட்டுகளோடு ஒப்பிட்டால் விட்டுப்போன சொற்களில் பல பிடிபடும்.

பதிவுக்கு மூன்று நகல் எடுங்கள்: ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று இணையச் சேமிப்பில். கோப்பின் பெயரிலேயே பாட்டின் முதல் வரியையும் தேதியையும் எழுதிவிடுங்கள். பிறகு ஒரு தாலாட்டையாவது நீங்களே பாடக் கற்று, பாட்டியிடம் பாடிக் காட்டுங்கள். எங்கே இழுப்பு தவறுகிறது என்று அவர் சொல்லும் திருத்தத்தையும் பதிந்துகொள்ளுங்கள்.